உம்மாவின் ஓய்வூதியம் பங்குச் சொத்து அன்று

ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர் வஃபாத்தாகிவிட்டால், அவருடைய மனைவியின் இத்தாக் காலம் முடிவதற்கு முன்பே நம் வீடுகளில் இரண்டு பேச்சுகள் எழுகின்றன. "உம்மாவுக்குத்தான் பென்ஷன் வருகிறதே, மீராஸில் அவர்களுக்குப் பங்கு எதற்கு?" என்பது ஒன்று. "அந்தப் பென்ஷனும் வாப்பாவின் உழைப்புத்தானே, எல்லோருக்கும் உரியதல்லவா?" என்பது மற்றொன்று. ஒன்றுக்கொன்று முரணான இவ்விரண்டையும் ஒரே வாயால் பேசும் பிள்ளைகளும் உண்டு. முதற்பேச்சு உம்மாவின் எட்டில் ஒரு பங்கை விழுங்குகிறது. இரண்டாவது அவருடைய மாத வருவாயை விழுங்குகிறது. ஐவேளைத் தொழுகை தவறாத வீடுகளிலும் இது நடப்பதால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

மீராஸ் என்பது மய்யித்து விட்டுச் சென்ற உடைமை. குடும்ப ஓய்வூதியமோ ஒருநாளும் அவருடைய உடைமையாக இருந்ததில்லை. அவர் மறைந்த பின், அவருடைய துணைவி உயிரோடிருக்கிறார் என்பதற்காக, அரசு தன் விதிப்படி அந்தப் பெண்ணுக்கு வழங்குவது அது. பொதுவாகக் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் 30 விழுக்காடும் அதன்மேல் அகவிலைப்படியும் வரும். வாப்பாவே வஸிய்யத்து எழுதி வைத்தாலும் அதை வேறொருவருக்குத் திருப்பிவிட இயலாது. குடும்ப ஓய்வூதியம் இறந்தவரின் சொத்தில் சேராது என்று 1991இல் வயலட் ஐசக் வழக்கில் உச்ச நீதிமன்றமும் கூறிவிட்டது. நம் ஆலிம்கள் பலரின் ஃபத்வாவும் இதுவே.

சேமநல நிதி வேறு. அது மய்யித்தின் சொந்தப் பணம். நாமினியாக உம்மாவின் பெயர் மட்டும் இருந்தாலும், கடனும் வஸிய்யத்தும் போக எஞ்சியதில் எல்லா வாரிசுகளுக்கும் பங்குண்டு. வாப்பா உயிரோடிருந்த நாள்களுக்கு வரவேண்டியிருந்த ஓய்வூதிய நிலுவையும் அவ்வாறே. இதை உம்மாமார்களும் அறிந்திருக்க வேண்டும்.

இனி எட்டில் ஒன்றுக்கு வருவோம். பிள்ளைகள் இருக்கும்போது மனைவிக்குரிய பங்கை அந்நிஸா அத்தியாயத்தின் 12ஆம் வசனம் வரையறுத்துவிட்டது. அவளுக்கு வேறு வருவாய் இருந்தால் பங்கு இல்லை என்ற நிபந்தனை அங்கே ஏது? சவூதியில் கைநிறையச் சம்பாதிக்கும் மகன், "எனக்குத்தான் சம்பளம் வருகிறதே, வாப்பாவின் வீட்டில் பங்கு வேண்டாம்" என்று சொல்லி எவரேனும் கேட்டதுண்டா? மகனின் சம்பளம் அவன் பங்கைக் குறைக்காதபோது, தாயின் ஓய்வூதியம் மட்டும் எப்படிக் குறைக்கும்? மதரஸாவில் ஃபராயிள் பாடம் நடத்தினால் மாணவர்கள் நொடியில் எட்டில் ஒன்றைப் பிரித்துவிடுகிறார்கள். பாகப்பிரிவினைப் பத்திரத்தில்தான் அது ஏற மறுக்கிறது.

ஏடிஎம் அட்டையின் கதை இதைவிடக் கசப்பானது. பணம் வங்கியில் ஏறியதும் குறுஞ்செய்தி மகனின் கைப்பேசிக்கு வருகிறது. அட்டையும் இரகசிய எண்ணும் அவனிடமே. உம்மா ஐந்நூறு ரூபாய் கேட்டால், "எதற்கு?" என்ற கேள்வி பிறக்கிறது. ஆண்டுக்கொரு முறை உயிர்வாழ் சான்றுக்காக அவருடைய விரலைப் பிடித்துக் கருவியில் வைக்கிறார்கள். சில வீடுகளில் உம்மாவை ஆட்டோவில் ஏற்றி வெளியே அழைத்துச் செல்வதே அந்த ஒரு நாள்தான்.

கேட்டால், "சோறு போடுகிறோம், மருந்து வாங்குகிறோம், அவர்களுக்குப் பணம் எதற்கு?" என்பார்கள். உண்மையான அச்சம் வேறு. கையில் பணமிருந்தால் உம்மா மகள்மாருக்குக் கொடுத்துவிடுவார் என்பதே அது. கொடுக்கட்டுமே! அன்பளிப்பில் பிள்ளைகளிடையே நீதி பேண வேண்டிய கடமை தாய்க்கு உண்டு. அதற்கு அவர் அல்லாஹ்விடம் பதில் சொல்வார். கணக்குக் கேட்கும் அதிகாரம் மகனுக்கு யார் தந்தது? மகனின் பொருளில் தந்தைக்குள்ள உரிமையைப் பேசும் ஹதீஸ் உண்டு. அதைத் திருப்பிப் போட்டுத் தாயின் பொருளை மகனுக்கு ஆக்க எந்த ஆதாரமும் இல்லை. வெட்கத்தாலும் அச்சத்தாலும் அவர் காக்கும் மௌனம் மனமொப்பிய சம்மதமாகாது. சம்மதமின்றி எடுத்தது ஹலாலும் ஆகாது. 1871ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டப்படி, கடன்காரர் வழக்குப் போட்டாலும் ஒருவருக்கு வரவேண்டிய அரசு ஓய்வூதியத்தை நீதிமன்றம் ஜப்தி செய்ய இயலாது. நீதிமன்றமே கை வைக்காததில் மகன் கை வைக்கிறான்.

ஓய்வுபெறும் சகோதரர்களே, பாதி வேலை உங்களுடையது. தமிழக அரசு ஊழியர் ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாகப் பெறலாம். அந்தப் பகுதி திரும்பிவர 15 ஆண்டுகள் ஆகும். மாடி எழுப்பவும் மகனின் கடைக்கு முதல் போடவும் அதைக் கரைக்கும் முன், எழுபது வயதில் மருந்துச் செலவு எவ்வளவு ஆகும் என்று கணக்கிடுங்கள். ஓய்வூதியப் புத்தகத்தில் மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். உங்கள் கணக்கை அவருடன் கூட்டுக் கணக்காக்குங்கள். பணம் எடுக்கவும் அவருக்குக் கற்றுக்கொடுங்கள். வீட்டைப் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுப்பதானால், இருவரையும் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்தில் சேருங்கள். பராமரிக்கத் தவறினால், 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டப்படி வருவாய்க் கோட்டாட்சியரிடம் முறையிட்டு அந்தப் பத்திரத்தை ரத்துச் செய்யக் கோரலாம்.

மஹல்லா ஜமாஅத்தினருக்கும் ஒரு வேண்டுகோள். மீராஸ் பிரித்துத் தரும்படி உங்களை அழைக்கும்போது, மகன்மாரின் வாக்குமூலத்தோடு நிறுத்திவிடாமல், உம்மாவைத் தனியே கேளுங்கள். அவருடைய வங்கிப் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.