பெயரோடு பருகுவோரும் பெயரின்றி உண்போரும்

கட்டுக்கரைக் குளத்து நீர் பாய்ந்து விளைந்த காலபோக நெல், மூடை மூடையாக முருங்கன் வீடுகளுக்கு வந்து சேர்ந்திருந்த நாட்களில், அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரில் வாழும் எமது மைத்துனர் ஒருவர் விடுமுறையில் எம்மிடம் வந்திருந்தார். அங்கே திராட்சைத் தோட்டமொன்றுக்கு வரும் விருந்தினருக்கு வெள்ளை வைன் வகைகளை ஊற்றிக் கொடுத்து, அவற்றின் குணங்களை எடுத்துரைப்பது அவர் தொழில்.

“வேறு வேலை கிடைக்கவில்லையோ, தம்பி?” என்று கேட்டார் எமது தாயார்.

“மாமி, சுவைபார்க்க வருபவர்களிற் பலர் அதைக் குடிப்பதில்லை. வாயில் வைத்து ஆராய்ந்துவிட்டு, அதற்கென்று வைத்திருக்கும் பாத்திரத்தில் துப்பிவிடுவார்கள்.”

“காசு கொடுத்து வாங்கியா துப்புகிறார்கள்!”

அனைவரும் சிரித்தோம். மதுவின் பெருமையைக் குடும்பப் பகுதியில் பேசுவதா என்று வாசகர்கள் முகஞ்சுளிக்க வேண்டாம். நாம் சொல்ல வந்தது மதுவைப் பற்றியன்று; ஒரு விளைபொருளைப் பெயர் சொல்லி மதிக்கும் பழக்கத்தைப் பற்றியே.

அவுஸ்திரேலியாவில் திராட்சை இயற்கையாக விளைந்த பயிரன்று. 1788இல் சிட்னியில் வந்திறங்கிய முதற் குடியேற்றக் கப்பல்களிலேயே அதன் கொடிகளும் வந்தன. ஜேம்ஸ் பஸ்பி என்பவர் ஸ்பெயினிலும் பிரான்சிலும் சேகரித்த பல நூறு வகைக் கொடிகளை 1832இல் அங்கே சேர்ப்பித்தார். இன்று அந்நாட்டில் ஒவ்வோர் இனத்துக்கும் பெயர்போன ஊர் உண்டு. கிளேயர், ஈடன் பள்ளத்தாக்குகளின் றீஸ்லிங், இளமையில் தேசிக்காயின் கூர்மையான புளிப்பும் மணமும் உடையது. ஆண்டுகள் செல்லச் செல்ல அதில் மண்ணெண்ணெயை நினைவூட்டும் ஒரு வாசமும் தோன்றும். சோவினியோன் பிளாங்க், வெட்டிய புல்லும் பச்சைக் கறிமிளகாயும்போல மணக்கும். ஹன்ரர் பள்ளத்தாக்கின் செமியோன், முற்றுமுன்னரே பறிக்கப்படுவதால் புதிதாயிருக்கையில் மெலிந்தும் புளித்தும் இருக்கும். பத்தாண்டு போத்தலில் உறங்கிய பின்னரோ தேனும் வாட்டிய பாணும் மணக்கும். ஷார்டொனே தானாகப் பெரிய மணம் எதுவும் காட்டாதது. அது கிடக்கும் ஓக் மரப்பீப்பாய் அதற்கு வனிலா மணத்தையும், நொதித்தலின்போது தொழிற்படும் நுண்ணுயிர்கள் வெண்ணெய் மணத்தையும் கொடுக்கின்றன.

இவற்றை ஒப்பிடுவோர் மெல்லியதிலிருந்து கனத்ததற்குச் செல்வர்; இடையிடையே நீரால் வாய் கொப்பளிப்பர். நாக்கு உணர்வது இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு முதலிய சிலவற்றையே. மற்றவற்றையெல்லாம், வாயின் பின்புறமாக ஏறும் ஆவியைக் கொண்டு மூக்கே அறிகின்றது. தடிமன் பிடித்த நாளில் நல்ல சாம்பாரும் சப்பென்றிருப்பதன் காரணம் இதுவே.

கண்ணும் நம்மை ஏமாற்றும். பிரான்சின் போர்தோவில் 54 மாணவருக்கு, வெள்ளை வைனில் மணமற்ற சிவப்புச் சாயமிட்டுக் கொடுத்துப் பார்த்தனர். சிவப்பு வைனுக்கு உரிய சொற்களாலேயே அவர்கள் அதன் மணத்தை வருணித்தனர் என்பது 2001இல் வெளியான ஆய்வின் முடிவு.

இவ்வளவையும் கேட்டிருந்த எமது இளைய சகோதரர் வாய்திறந்தார். வயல் அவர் பொறுப்பு. “அத்தானுடைய கதை நல்லது. ஆனால் சோறு எல்லாம் சோறுதான். அம்மாவுக்காகக் கால் ஏக்கரில் மொட்டைக்கறுப்பன் விதைக்கிறேன். அது உயர்ந்து வளர்ந்து சாய்ந்துவிடுகிறது, விளைவும் குறைவு. வருகிற போகத்தில் முழுவதும் புதிய இனமே போடப்போகிறேன்.”

தாயார் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனத்தைக் கண்ட மைத்துனர், “எல்லாம் ஒன்றா என்பதைச் சோதித்துப் பார்ப்போமே” என்றார்.

மறுநாள் நான்கு அடுப்பில் நான்கு பானை ஏறியது. மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள், அம்பலாந்தோட்டை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ஏ.ரீ. 362, கடையில் வாங்கிய சிவப்பு நாட்டரிசி ஆகிய நான்கிலும் வகைக்கு ஒரு சுண்டு. நான்கும் சிவப்பரிசி, நான்கும் புழுங்கல். கறியில்லை, சொதியில்லை, உப்புங்கூட இல்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு ஒவ்வொருவராக உண்டோம்.

தாயார் நான்கையும் மணந்து பார்த்து, ஒரு வாய் உண்டு, ஆறிய பின் மறுபடியும் உண்டு, நான்கின் பெயரையும் பிழையின்றிச் சொன்னார். கல்லூரியில் பாடஞ்சொல்லும் நாமோ, கடையரிசியை உண்டுவிட்டு, “ஆகா, இதுவல்லவோ எமது வயலின் மொட்டைக்கறுப்பன்!” என்று வியந்து மானமிழந்தோம்.

சகோதரருக்குத் தனிச்சோதனை. மூன்று தட்டுகள், இரண்டில் ஓரினம், ஒன்றில் வேறினம். வேறானது எது என்று சொல்லவேண்டும். மொட்டைக்கறுப்பனையும் ஏ.ரீ. 362ஐயும் வைத்து ஆறு முறை செய்தோம். வெறுமனே ஊகித்தால் ஆறில் இரண்டு சரிவருவதே இயல்பு என்பதை மாணவர்கள் கணக்கிட்டறியலாம். “எல்லாம் சோறுதான்” என்ற சகோதரர் ஐந்து முறை சரியாகச் சொன்னார்! கண்கட்டை அவிழ்த்ததும், “வேறுபாடு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எனக்கு மற்றதுதான் பிடித்தது” என்றார். அதுவும் நியாயமே. வேறுபாட்டை அறிவது ஒன்று, விருப்பம் வேறொன்று.

அப்போது மைத்துனர் சொன்ன செய்தி எம்மைச் சிந்திக்க வைத்தது. அவுஸ்திரேலியாவில் ஒரு போத்தலின்மேல் றீஸ்லிங் என்று எழுதினால், உள்ளிருப்பதில் குறைந்தது 85 வீதம் அந்த இனத்துப் பழத்திலிருந்தே வந்திருக்கவேண்டும் என்பது சட்டம். ஊரின் பெயரை எழுதினாலும் அதே விதிதான். ஆகையால் நல்ல இனத்தை நல்ல மண்ணில் வளர்த்தவனின் உழைப்பு, வாங்குபவனின் கைவரை பெயரோடு போய்ச்சேருகின்றது.

எமது கடைகளில் அரிசி மூடையைப் பாருங்கள். வெள்ளை நாடு, சிவப்பு நாடு, சம்பா, கீரிச்சம்பா என்று நிறமும் பருமனும் சொல்லப்படும். என்ன இனம், எந்தக் குளத்து நீர், எந்த மண் என்பதை எத்தனை மூடைகளிற் காண்கிறோம்? வெடித்துக் கிடந்து, மழை கண்டதும் காலைப் பிடித்திழுக்கும் எமது கருங்களிமண்ணில் விளைந்த நெல்லும், எங்கோ மணல் நிலத்தில் விளைந்ததும் ஆலையில் ஒன்றாகக் கலந்தால் ஒரே பெயரைப் பெறுகின்றன. பெயரில்லாத பொருளுக்கு நிறையே விலை. நிறைக்கே விலையென்றால், அதிகம் விளைவதைத் தவிர வேறெதை விதைப்பான் உழவன்? சகோதரரைக் குறைசொல்ல எமக்கு நா எழவில்லை.

மாலையில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. அந்தக் கால் ஏக்கர் இன்னுமொரு காலபோகத்துக்குத் தாயாருக்கே. அதன் அரிசி வேறெதனோடும் கலக்கப்படாது. மூடையின்மேல் “மொட்டைக்கறுப்பன், முருங்கன்” என்று எமது கையாலேயே எழுதிக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டோம்.

“பெயரை நீங்கள் எழுதுவீர்கள் அண்ணை. விலையை எழுதுவது யார்?” என்று கேட்டார் சகோதரர்.

அதற்கு எம்மிடம் விடையில்லை. அரிசி வாங்கும் வாசகர்களிடமே அக்கேள்வியை ஒப்படைக்கின்றோம். அடுத்தமுறை கடைக்குப் போகும்போது, “இது என்ன நெல்? எந்த ஊரில் விளைந்தது?” என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். கடைக்காரருக்குத் தெரியாமலிருக்கலாம். பத்துப்பேர் கேட்டால், அவர் ஆலைக்காரரிடம் கேட்கத் தொடங்குவார்.