மார்கழி மேல் போட்ட பழி

மார்கழியில் நம் பெரியவர்கள் அதிகம் விழுவது வெயில் குறைவதால். வெயில் குறைந்தால் வைட்டமின் டி குறையும், டி குறைந்தால் தசை தளர்ந்து கால் தடுமாறும். ஆகவே அறுபது தாண்டிய எல்லோருக்கும் ஐப்பசி தொடங்கி மாசி வரை மாதம் ஒரு 60,000 யூனிட் டி பாக்கெட்டை முகாம் போட்டுக் கொடுத்துவிட வேண்டும். சேலம், நாமக்கல் பக்கத்து முதியோர் கூட்டங்களில் கை மாறி வரும் ஒரு கட்டுரை சொல்வது இவ்வளவுதான். இதில் தொடக்கம் நம் ஊருக்குப் பொருந்தாது. முடிவு ஆளைக் கீழே தள்ளக்கூடியது.

கட்டுரையாளர் சாய்ந்து நிற்பது டாஸ்மேனியா ஆய்வின் மேல். தெற்கே 41 டிகிரியில் இருக்கும் அந்தத் தீவின் முதியவர்களிடம் ரத்தத்தின் டி அளவும் கணுக்கால் வலுவும் நடமாட்டமும் பருவத்துக்குப் பருவம் மாறின. நல்ல ஆய்வு. செய்தவர்கள், உயர் அட்சரேகைகளின் குளிர்காலத்துக்கு என்று தலைப்பிலேயே எல்லை போட்டிருக்கிறார்கள். அந்த எல்லையை அழித்துவிட்டு ஆய்வை ஆத்தூருக்கும் ராசிபுரத்துக்கும் தூக்கி வந்தது கட்டுரையாளர் செய்த வேலை.

சேலம் இருப்பது நிலநடுக்கோட்டிலிருந்து பதினொன்றரை டிகிரிக்குச் சற்று மேலே. ஆண்டிலேயே சூரியன் மிகத் தாழ்ந்து போகும் டிசம்பர் 21 அன்றுகூட, உச்சிப்பொழுதில் அது அடிவானத்திலிருந்து 55 டிகிரி உயரத்தில் நிற்கும். 42 டிகிரியில் இருக்கும் பாஸ்டனில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை தோலில் டி உருவாவதே இல்லை என்று 1988-இல் காட்டினார்கள். மார்ச்சில் அங்கே மறுபடி உருவாகத் தொடங்குகிறது. மார்ச் 21 அன்று பாஸ்டனின் உச்சிச் சூரியன் 48 டிகிரி உயரம்தான். அவர்களுக்கு டி தரத் தொடங்கும் வெயிலைவிட நம் மார்கழி உச்சி வெயில் உறைப்பானது. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மூடுவதை ஒத்துக்கொள்கிறேன். அதை வைத்து ஐந்து மாத இருட்டைக் கட்ட முடியாது.

டி குறைபாடே இங்கு இல்லை என்று நான் சொல்லவில்லை. நமக்கு வடக்கே இரண்டு டிகிரி தள்ளி இருக்கும் திருப்பதியில் ஹரிநாராயண் குழுவினர் செய்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், கிராமத்து ஆண்களில் 44 சதவீதம் பேருக்கும் பெண்களில் 70 சதவீதம் பேருக்கும் அளவு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தது. இந்தக் குறைபாட்டைப் பருவத்தின் தலையில் கட்ட முடியாது. உடம்பை மூடும் துணி, கறுத்த தோல், கால்சியம் குறைந்த சாப்பாடு எல்லாம் சேர்ந்து ஆண்டு முழுக்க நடத்தும் வேலை அது. டி நன்றாக உருவாகும் பதினொன்று முதல் இரண்டு மணி வரைதான் நாம் நிழலுக்கு ஒதுங்குகிறோம். சித்திரையில் இன்னும் அதிகமாக ஒதுங்குகிறோம். குமாரபாளையம், பள்ளிபாளையம், இளம்பிள்ளை தறிப்பட்டறைகளில் நாற்பது வருடம் டியூப்லைட்டின் கீழே நின்றவருக்குச் சித்திரை என்ன, மார்கழி என்ன? அவரைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரி கிடையாது.

சரி, மழையிலும் பனியிலும் பெரியவர்கள் விழுகிறார்களே என்றால், விழுந்த இடத்தைப் போய்ப் பாருங்கள். ஐப்பசி மழைக்குப் பொடக்காளித் துவைகல்லைச் சுற்றிப் பாசி பிடித்திருக்கும். சலதாரை ஓரம் வழுக்கும். காலில் கிடப்பது அடி தேய்ந்து வழவழத்த ரப்பர் செருப்பு. மார்கழியில் விடிவதற்கு முன் எழுந்து, கண்புரை விழுந்த கண்ணோடு வாசல் தெளித்து, குனிந்து கோலம் போட்டுச் சட்டென்று நிமிர்கிறார் பிரஷர் மாத்திரை சாப்பிடும் எழுபது வயதுப் பெண். ரத்த அழுத்தம் இறங்குகிறது, கண் இருட்டுகிறது. இதற்கு எந்தப் பாக்கெட்டில் மருந்து இருக்கிறது?

என் அம்மாயி விழுந்தது சித்திரையில். அக்கினி நட்சத்திர வெயில். அடிக்கடி ஒன்றுக்குப் போக எழுந்திருக்க வேண்டுமே என்று தண்ணீரைக் குறைத்துவிட்டு, நீர் பிரியும் மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொண்டார். கட்டிலிலிருந்து எழுந்தவர் ஆசாரத்திலேயே சாய்ந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அதன் பிறகு அவர் வாசல் தாண்டி நடக்கவில்லை. வெயில் குறைந்ததால் விழுகிறார்கள் என்று படித்தபோது அந்த மத்தியானம்தான் என் கண் முன்னால் வந்தது.

கட்டுரையில் என்னை அதிகம் கோபப்படுத்தியது, கொடுத்து வைப்பதில் கெடுதல் ஒன்றுமில்லை என்ற வாக்கியம். கெடுதல் இருக்கிறது, அளந்தும் காட்டியிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் எழுபது வயது தாண்டிய 2,256 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஆண்டுக்கொருமுறை, இலையுதிர் காலத்திலோ குளிர்காலத்திலோ, ஐந்து லட்சம் யூனிட் கொடுத்தார்கள். கட்டுரையாளர் கேட்பது போலவே பருவம் பார்த்துக் கொடுத்தது. 2010-இல் வந்த முடிவு: மருந்து சாப்பிட்டவர்கள் 15 சதவீதம் அதிகம் விழுந்தார்கள், எலும்பு முறிவு 26 சதவீதம் அதிகம். அது ஐந்து லட்சம், நாங்கள் கேட்பது அறுபதாயிரம் என்பாரானால், சூரிச் ஆய்வு அதே அறுபதாயிரம்தான். எழுபது தாண்டிய, முன்பே ஒருமுறை விழுந்த 200 பேர். மாதம் 24,000 யூனிட் பெற்றவர்களில் ஓராண்டில் விழுந்தவர்கள் 47.9 சதவீதம், மாதம் 60,000 பெற்றவர்களில் 66.9 சதவீதம். இது 2016-லேயே அச்சில் வந்துவிட்டது. ஊர் முழுக்க மருந்து கொடுக்கச் சொல்லி எழுத உட்கார்ந்தவர் இதைத் தேடிப் படிக்கவில்லை என்றால் அது மன்னிக்க முடியாத அலட்சியம்.

அந்தப் பாக்கெட்டின் கனத்தை நாமக்கல்காரர்களுக்குப் புரிகிற கணக்கில் சொல்கிறேன். ஒரு முட்டையின் மஞ்சள் கருவில் சுமார் 40 யூனிட் டி. ஒரு பாக்கெட் என்பது 1,500 முட்டைகளின் டி, ஒரே வாயில். குறைபாடு உறுதியானவருக்கு டாக்டர் கணக்குப் பார்த்து எழுதிக் கொடுப்பது வைத்தியம். எலும்பு டாக்டரிடம் ஏற்கெனவே வாங்கிச் சாப்பிடுகிறவரா என்றுகூடக் கேட்காமல் முகாமில் நீட்டுவது வைத்தியம் ஆகாது. குறைபாடோ எலும்புத் தேய்வோ கண்டறியப்படாத, வீட்டில் வாழும் முதியவர்களுக்கு, விழுவதைத் தடுப்பதற்கென்று டி கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2018-இலேயே சொல்லிவிட்டது.

தடுக்கும் வழி ஒன்று உண்டு, அதைக் கட்டுரையாளர் தொடவே இல்லை. 108 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2019-ஆம் ஆண்டின் காக்ரேன் தொகுப்பு, உடற்பயிற்சி விழுதலை 23 சதவீதம் குறைக்கிறது என்றது. பயிற்சி என்றால் கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது, சுவரைத் தொட்டபடி ஒற்றைக் காலில் நிற்பது, ஒரு காலின் விரல் நுனிக்கு முன் மறுகாலின் குதிகாலை வைத்து நடப்பது. சொல்லித்தரப் புது ஆள் வேண்டாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீடு தேடி வரும் இயன்முறை சிகிச்சையும் இருக்கிறது.

முகாம் நடத்துகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: பாக்கெட் மேசையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு நாற்காலியைப் போடுங்கள். வருகிறவரை உட்காரவைத்து, கையூன்றாமல் எழச் சொல்லுங்கள். எழ முடியாதவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார், கண்புரை பார்த்தாயிற்றா, குளிக்கிற இடத்தில் பிடித்துக்கொள்ளக் குழாய் இருக்கிறதா என்று கேளுங்கள். அந்தப் பட்டியலை அன்று சாயங்காலமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள்.