ஏரிக்கரையில் ஏரியல் கட்டினோம்



"ஆளுக்கொரு கைபேசி இருக்கும் இந்தக் காலத்தில் மூங்கிலும் கயிறும் கம்பியும் சுமந்துகொண்டு பழவேற்காட்டுக்கு எதற்குப் போனீர்கள்?" என்று எங்களைக் கேட்காதவர் இல்லை. அந்தக் கேள்விக்கு விடையாகவே இக்கட்டுரையை எழுதுகிறோம். எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நம் பள்ளியில் அமெச்சூர் வானொலி மன்றம் ஒன்று வேண்டும். அது நான்கு சுவர்களுக்குள் அடங்கிவிடாமல், ஆண்டுக்கு ஒரு நாளாவது வெட்டவெளியில் நிலையம் அமைத்துப் பழக வேண்டும்.

அமெச்சூர் வானொலி என்பது பாட்டுக் கேட்கும் வானொலி அன்று. அரசின் தேர்வில் தேறி உரிமம் பெற்றவர்கள் தத்தம் கருவியால் வானலையில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வது. இவர்களை 'ஹாம்' என்று அழைப்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்புக் குறி உண்டு. நம் நாட்டவர் குறிகள் பெரும்பாலும் 'வி.யு.' என்ற எழுத்துகளில் தொடங்கும். வியாபாரப் பேச்சும் பாட்டு ஒலிபரப்பும் இதில் கூடா. பொழுதுபோக்காகத் தொடங்குவது ஆபத்துக் காலத்தில் தொண்டாக மாறிவிடும். அதுவே இதன் பெருமை.

சென்ற ஜனவரித் திங்களில் ஒரு சனிக்கிழமை, அறிவியல் மன்றத்தைச் சேர்ந்த நாங்கள் பதினான்கு பேர், உரிமம் பெற்ற அக்கா ஒருவருடனும் இரு ஆசிரியைகளுடனும் புறப்பட்டோம். பழவேற்காடு சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ஒருபுறம் ஏரி, மறுபுறம் வங்கக் கடல். இரண்டுக்கும் நடுவே மணல் திட்டில் மீனவக் குப்பங்கள். தூரத்து ஆழமற்ற நீரில் பூநாரைகள் கூட்டமாக நின்றன. அவற்றை வேடிக்கை பார்க்க நேரமில்லை, வேலை காத்திருந்தது.

லைட்ஹவுஸ் குப்பத்துக்கு அருகே, மின்கம்பிகள் எட்டாத மணல்மேடு ஒன்றைத் தேர்ந்தோம். ஏரியல் கட்டுமுன் தலைக்கு மேல் மின்கம்பி இருக்கிறதா என்று பார்ப்பதே முதல் பாடம் என்றார் அக்கா. இரண்டாவது பாடம் கணக்கு. நாங்கள் பேச எண்ணிய அலைவரிசை 7.1 மெகாஹெர்ட்ஸ். ஒளியின் வேகமாகிய நொடிக்கு 3,00,000 கிலோமீட்டரை இந்த எண்ணால் வகுத்தால் அலையின் நீளம் சுமார் 42 மீட்டர். அதில் பாதி 21. கம்பியில் அலை சற்று மெதுவாக ஓடுவதால் 20 மீட்டர் போதும். அதை நடுவில் இரண்டாக வெட்டி, பக்கத்துக்குப் பத்து மீட்டராக விட வேண்டும். பௌதிகப் புத்தகத்தில் மனப்பாடம் செய்த சூத்திரம் அன்று எங்கள் கையில் செப்புக் கம்பியாகக் கிடந்தது!

இருபத்தைந்து அடி மூங்கிலின் உச்சியில் கம்பியின் நடுப்பகுதியைக் கட்டினோம். இரு கைகளையும் கூரைச் சரிவு போல இறக்கி, முனைகளை நைலான் கயிற்றால் சவுக்கு மரங்களில் கட்டினோம். பேசும்போது முனைகளில் மின்னழுத்தம் மிகுதி என்பதால், யாருடைய கையும் எட்டாத உயரத்தில் அவை நின்றன. ஆனால் மூங்கில் நிற்கவில்லை! மணலில் அடித்த முளைகளைக் கடற்காற்று ஒவ்வொன்றாகப் பிடுங்கியது. மூன்று முறை நிறுத்தினோம். மூன்று முறையும் சாய்ந்தது.

வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் சிரித்தபடியே எழுந்து வந்தார். "ஏம்மா பொண்ணுங்களா, மணல்ல முளை அடிச்சா நிக்குமா? சாக்குல மணல ரொப்பி, பள்ளம் தோண்டிப் பொதைங்க. அதுல கயிறு கட்டுங்க. யாராலயும் அசைக்க முடியாது" என்றார். சொன்னதோடு நில்லாமல் முடிச்சுப் போடவும் கற்றுக் கொடுத்தார். கம்பி முனையில் மாட்டும் மின்காப்புத் துண்டு ஒன்று உடைந்தபோது, பழைய வலையின் பிளாஸ்டிக் மிதவை ஒன்றைக் கழற்றித் தந்தவரும் அவரே. "நன்றி தாத்தா" என்றோம். "காத்தை எதிர்த்து நிக்கறதுதானே எங்க பொழப்பு" என்று சொல்லிவிட்டு மீண்டும் வலைக்குப் போய்விட்டார். அன்று எங்களுக்கு ஆசிரியர்கள் மூவர் என்றே சொல்ல வேண்டும்.

பன்னிரண்டு வோல்ட் கார் பேட்டரியில் கருவியை இணைத்தோம். அளவுமானியின் முள், கம்பி சற்று நீளம் என்று காட்டியது. இரு முனைகளிலும் ஒரு சாண் மடக்கினோம், முள் இறங்கியது. அக்கா மைக்கை எடுத்துத் தம் அழைப்புக் குறியைச் சொல்லி அழைத்தார். இரைச்சல். மீண்டும் அழைத்தார். இரைச்சல். மூன்றாம் முறை பெங்களூரிலிருந்து ஒரு குரல் தெளிவாகப் பதில் சொன்னது! கோபுரமில்லை, தொலைபேசிக் கம்பியில்லை, ஒரு மூங்கிலும் ஒரு பேட்டரியும் மட்டுமே. நாங்கள் எழுப்பிய கூச்சலில் கரையிலிருந்த நாய்கள் ஓடிவிட்டன. உரிமம் அக்காவுக்கு மட்டும்தான் என்பதால், நாங்கள் காதால் கேட்டதோடு சரி. பேச முடியவில்லையே என்ற அந்த ஏக்கம்தான் இக்கட்டுரையின் விதை.

இது விளையாட்டா? 2004 டிசம்பர் 26-ஐ நினைத்துப் பார்ப்போம். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணியளவில் சுமத்ரா அருகே கடலடியில் பூமி அதிர்ந்தது. நம் கரையைச் சுனாமி அடைய ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆனது. இரண்டரை மணி நேரம்! பழவேற்காட்டுக் குப்பங்களிலிருந்து ஏரியைத் தாண்டி நடந்தே போய்விடலாம். ஆனால் வருகிறது என்று சொல்வார் இல்லை.

அதே நாளில் அந்தமானின் போர்ட் பிளேரில் திருமதி பாரதி பிரசாத் என்ற ஹாம் இருந்தார். ஐதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் குழுவுக்குத் தலைமை தாங்கி, பல ஆண்டுகள் அனுமதிக்குக் காத்திருந்து, உலக ஹாம்களோடு பேசுவதற்காகச் சென்றிருந்தார். மின்சாரமும் தொலைபேசியும் அறுந்துபோன அந்தத் தீவில், பொழுதுபோக்குக்காகக் கொண்டுவந்த அவருடைய கருவியே வெளியுலகுக்கு வாசல் ஆயிற்று. "பிழைத்திருக்கிறோம்" என்ற செய்திகளை அவர் நாள்தோறும் தாய்நாட்டுக் கரைக்கு அனுப்பினார். குழுவினர் சிலர் கார் நிகோபார் தீவுக்கும் கருவியோடு சென்றனர். அவருடைய குரல் அலைகளை நிறுத்தவில்லை. ஆனால் எத்தனையோ வீடுகளின் அழுகையை நிறுத்தியது. அவர் ஒரு பெண் என்பதை நம் பள்ளியில் தனியே சொல்ல வேண்டுமா?

புதுச்சேரி அருகே நல்லவாடு என்ற மீனவ ஊரின் கதையும் உண்டு. அன்று காலை சிங்கப்பூரிலிருந்த அவ்வூர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரித்தார். உடனே ஊர் அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மக்கள் ஓடித் தப்பினர். செய்தி வந்தால் மட்டும் போதாது. அதை வாங்க ஒரு காதும், ஊருக்குச் சொல்ல ஒரு வாயும் கரையிலேயே இருக்க வேண்டும். ஐதராபாத்தில் 2007 முதல் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. அங்கிருந்து புறப்படும் எச்சரிக்கை, கோபுரங்கள் சாய்ந்துபோன நாளில், கடைசிக் குப்பத்துக்கு எப்படிப் போய்ச் சேரும்?

"கைபேசி இருக்கிறதே" என்பவர்களுக்கு இதுவே எங்கள் விடை. 2016 டிசம்பர் 12-இல் வார்தா புயல் வீசியபோது சென்னையிலும் நம் திருவள்ளூர் மாவட்டத்திலும் மின்கம்பங்கள் சாய்ந்தன. எத்தனையோ கைபேசிகள் ஊமையாயின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் அதே கதை. கைபேசிக்குக் கோபுரம் வேண்டும், கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். ஒன்று அறுந்தால் எல்லாம் அறும்.

"செலவு அதிகமல்லவா?" என்பது அடுத்த கேள்வி. கருவி விலை உயர்ந்ததுதான், ஒளிக்க விரும்பவில்லை. ஆனால் பள்ளிக்கு ஒன்று போதும். மூங்கிலும் கயிறும் கம்பியும் ஓர் ஆண்டு விழா மேடை அலங்காரச் செலவுக்குள் அடங்கும். "படிப்புக் கெடாதா?" என்கிறார்கள் பெற்றோர். அன்று ஒரு நாளில் அலைநீளமும் மின்தடையும் எங்களுக்குப் புரிந்த அளவு ஒரு பருவம் முழுவதும் புரியவில்லை என்பதே எங்கள் வாக்குமூலம்.

"கருவியைப் பள்ளியிலேயே வைத்துப் பழகலாமே, வெளியே ஏன்?" என்பார் சிலர். மாடியில் நிரந்தரமாகக் கட்டிய ஏரியல் புயலில் முதலில் விழும். விழுந்தபின் அரை மணியில் வேறொன்றைக் கட்டத் தெரிந்தவரே உதவக்கூடியவர். அமெரிக்க ஹாம்கள் 1933 முதல் ஜூன் மாதத்தில் இதற்கென்றே ஒரு நாள் ஒதுக்கி, வயல்வெளிகளில் நிலையம் அமைத்துப் பழகுகிறார்கள். ஒவ்வோர் அக்டோபரிலும் உலகெங்கும் சாரணரும் சாரணியரும் வானலையில் சந்திக்கிறார்கள். எங்கள் மூங்கில் மூன்று முறை விழுந்தது அமைதியான ஒரு சனிக்கிழமையில் என்பதால் சிரித்தோம். புயல் நாளில் விழுந்திருந்தால்?

பழவேற்காட்டுக்கு இதில் தனி உரிமையும் உண்டு. ஏரிக்கும் கடலுக்கும் இடையே வடக்கே நீண்டு கிடப்பதுதான் ஸ்ரீஹரிகோட்டாத் தீவு. 2005 மே 5 அன்று அங்கிருந்துதான் ஹாம்களுக்காக நம் நாடு செய்த 'ஹாம்சாட்' துணைக்கோள் ஏறியது. அதிலிருந்த இரண்டு அலைபரப்பிகளில் ஒன்றைச் செய்தவர் நெதர்லாந்து நாட்டுப் பொறியியல் மாணவர். பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர் வாணிபத்துக்காக வந்து ஜெல்டிரியா கோட்டை கட்டிய அதே ஏரிக்கரையின் வானில், அந்நாட்டு மாணவர் ஒருவரின் கைவேலை நட்புக்காக ஏறியது. 2014 வரை அது உழைத்தது.

எனவே மூன்று வேண்டுகோள்கள். தோழியரே, பன்னிரண்டு வயது நிறைந்தவர் உரிமத் தேர்வு எழுதலாம். நாங்கள் எழுதப் போகிறோம், நீங்களும் வாருங்கள். அருட்சகோதரிகளே, மன்றத்துக்கு ஓர் அறையும் ஆண்டுக்கு ஒரு நாளும் தாருங்கள். பெற்றோரே, எங்களை வெயிலுக்கும் மணலுக்கும் அனுப்பத் தயங்காதீர்கள்.

மாலையில் ஏரியலை இறக்கியபோது, காலையில் எங்களைப் பார்த்துக்கொண்டே நின்ற குப்பத்துச் சிறுமி ஒருத்தி, "அக்கா, மறுபடியும் எப்ப வருவீங்க?" என்று கேட்டாள். அடுத்த ஆண்டு வருகிறோம் என்றோம். அப்போது மைக்கைப் பிடிக்கும் உரிமம் எங்களில் ஒருத்திக்காவது இருக்க வேண்டும். அவளுக்கு அடுத்த ஆண்டில் அது இவளுக்கும் கிடைக்க வேண்டும். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற நீங்கள் அனைவரும் துணை நில்லுங்கள்!

– அறிவியல் மன்ற மாணவியர், பதினோராம் வகுப்பு