புகைப்படங்களை எங்கே வைத்திருக்கிறீர்கள்?



சென்ற மாதம் என் பழைய மாணவி ஒருத்தியின் தாயார் அழைத்தார். அவருடைய மாமனார் காலமாகிவிட்டாராம். "டீச்சர், 2014 பொங்கல் விழாவில் தாத்தா பிள்ளைகளுக்குக் கதை சொன்னாரே, நீங்கள்கூடப் படம் எடுத்தீர்களே, அதில் ஒன்று கிடைக்குமா?" என்று கேட்டார். எடுத்தேன், நன்றாக நினைவிருக்கிறது. தொடக்கநிலை மூன்று பிள்ளைகள் தரையில் அமர்ந்திருக்க, பெரியவர் நாற்காலியை விலக்கிவிட்டு அவர்களோடு தாமும் தரையிலேயே அமர்ந்துகொண்டார். ஆனால் அந்தப் படம் என்னிடம் இல்லை.

மடிக்கணினியில் இடம் போதவில்லை என்று படங்கள் அனைத்தையும் ஒரு புறவன்தட்டுக்கு, அதாவது எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்க்குக்கு, மாற்றியிருந்தேன். ஒருநாள் அது மேசையிலிருந்து விழுந்தது. மீண்டும் இணைத்தபோது 'டிக், டிக்' என்ற ஒலி மட்டுமே வந்தது. உள்ளே சுழலும் தட்டுக்கும் அதைப் படிக்கும் முனைக்கும் நடுவே மயிரிழை அளவு இடைவெளிகூட இல்லை. ஒரு சிறு அதிர்ச்சியே போதும். தரவு மீட்கும் கடையொன்றில் ஆயிரம் வெள்ளிக்கு மேல் கேட்டார்கள். கிடைக்கும் என்ற உறுதியும் தரவில்லை.

வன்தட்டை நான் குறை கூறமாட்டேன். 'மாற்றினேன்' என்றேன் அல்லவா, பிழை அச்சொல்லில்தான் இருக்கிறது. நான் படியெடுக்கவில்லை, இருந்த ஒன்றையே இடம் பெயர்த்தேன். நம்மில் பலர் செய்வதும் இதுவே.

படியெடுத்தல் தமிழருக்குப் புதிதன்று. ஓலையைப் பூச்சி அரிக்கும். ஆகவே தலைமுறைதோறும் புதிய ஓலையில் எழுதி வைத்தார்கள். 1887இல் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது ஒரே சுவடியை நம்பவில்லை. ஊர் ஊராகச் சென்று, வீடுகளிலும் மடங்களிலும் கிடந்த படிகளைத் தேடி ஒப்பிட்டார். மாறாக, 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறிடத்தில் படியுள்ள நூலை மீண்டும் வாங்கிவிடலாம். ஒற்றைப் படியாய் இருந்த சுவடிகளை என் செய்வது? இங்கே சிங்கப்பூரில், 1965 முதல் வெளிவந்த தமிழ்ப் படைப்புகளை 2015இல் தன்னார்வலர்கள் தேசிய நூலக வாரியத்தின் துணையோடு மின்னிலக்கமாக்கினார்கள். நூல்களுக்கு அப்படிச் சிலர் இருக்கிறார்கள். உங்கள் வீட்டுத் தாத்தாவின் படத்துக்கு உங்களைத் தவிர யாரும் இல்லை.

தேக்காவுக்குப் போகும்போது முஸ்தபாவிலோ, சற்றுத் தள்ளிச் சிம் லிம் ஸ்குவேரிலோ வன்தட்டு வாங்க நினைக்கும் பெற்றோர், "எந்த நிறுவனம் நல்லது, டீச்சர்?" என்று என்னைக் கேட்பதுண்டு. (கணினி வைத்திருக்கும் ஆசிரியை கணினி வல்லுநராகிவிடுவார் போலும்!) சுழலும் வன்தட்டுகளை இன்று உலகில் தயாரிப்பவை சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா ஆகிய மூன்றே. உறையின்மேல் எப்பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பது இவற்றுள் ஒன்றுதான், பழுதாகாத வன்தட்டை எவரும் செய்ததில்லை. ஆகவே என் விடை: பெரிதாக ஒன்று வாங்காதீர்கள், அளவாக இரண்டு வாங்குங்கள். ஒரு படம் 4 மெகாபைட் என்று கொண்டால், ஒரு டெராபைட்டில் ஏறத்தாழ 250,000 படங்கள் அடங்கும். பெரும்பாலான குடும்பங்களுக்கு அதுவே மிகுதி.

எஸ்எஸ்டி வகையில் சுழலும் உறுப்பு இல்லை. விழுந்தாலும் பெரும்பாலும் தாங்கும். விலைதான் கூடுதல். ஆனால் மின்சாரமே காட்டாமல் ஆண்டுக்கணக்கில் அலமாரியில் பூட்டி வைக்க அது ஏற்றதன்று. இணையத்தில் சில பத்து வெள்ளிக்கு 16 டெராபைட் என்று விற்பவற்றைத் தொடவே வேண்டாம். அவை அவ்வளவு கொள்ளளவு இருப்பதாகப் பொய் காட்டும். நிரம்பிய பின் எழுதுவதெல்லாம் காற்றோடு போகும்.

"எல்லாம் மேகத்தில் இருக்கிறது" என்பவர்களுக்கும் ஒரு சொல். கூகல் போட்டோஸ் வரம்பில்லா இலவசச் சேமிப்பை 2021 ஜூன் மாதம் முதல் நிறுத்திக்கொண்டது. மேலும், கைப்பேசியும் மேகமும் ஒத்திசைந்து இருக்கும்போது, கைப்பேசியில் குழந்தை விளையாட்டாய் அழித்த படம் மேகத்திலும் அழியும். குப்பைத்தொட்டியில் சில வாரங்கள் இருக்கும். அதற்குள் கவனித்தால் பிழைத்தோம். மேகம் ஒரு படியாக இருக்கட்டும், ஒரே படியாக வேண்டாம்.

புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய 3-2-1 என்ற முறை எளிது: மூன்று படிகள், இருவகைச் சாதனங்கள், ஒன்று வேறிடத்தில். அந்த வேறிடம் அக்காவின் வீவக வீடாக இருக்கலாம். தீபாவளிக்குப் போகும்போது ஒன்றைக் கொடுத்து, பழையதை வாங்கி வந்து புதுப்பிக்கலாம். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். வருடத்துக்கு ஒருமுறையேனும் திறந்து பார்க்கவும் வேண்டும். தேசியக் கல்விக் கழகத்தில் பயின்ற காலத்துக் கோப்புகளைக் குறுந்தட்டுகளில் பத்திரமாக வைத்திருந்தேன். ஈரக்காற்றில் சிலவற்றில் பூஞ்சை படர்ந்துவிட்டது. மற்றவற்றைப் படிக்க என் கணினியில் இன்று வழியில்லை.

ஆசிரியர்களுக்கு மட்டும் ஒன்று: மாணவர் படங்கள் பள்ளியின் சேமிப்பகத்தில் இருக்கவேண்டியவை, நம் வீட்டு மேசையில் அல்ல. அன்று நான் அவ்வாறு வைத்தது சரியன்று.

அந்தத் தாயாரிடம் உண்மையைச் சொன்னேன். சற்று நேரம் அவர் பேசவில்லை. "பரவாயில்லை, டீச்சர்" என்றார். பிறகு அந்த வகுப்புப் பெற்றோர் சிலரைக் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் அக்காலத்தில் வாட்ஸ்அப்பில் நான் அனுப்பியதைப் பழைய கைப்பேசியில் இன்னும் வைத்திருந்தார். சுருங்கி, மங்கலான படம். பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாய் உடைகிறது. அதைத்தான் அஞ்சலட்டை அளவில் அச்சிட்டு, சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள்.