வாக்களித்த பின் நமக்கு என்ன வேலை?

தேர்தலைத் திருவிழா என்று சொல்வது நம் நாட்டு வழக்கம். கொடியும் தோரணமும் ஒலிபெருக்கியும் ஊர்வலமும் இருக்கும்போது அப்படிச் சொல்வதில் வியப்பில்லை. திருவிழா முடிந்தால் பந்தலைப் பிரித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். தேர்தலும் அப்படித்தானா? விரலில் வைத்த மை சில வாரங்களில் அழிந்துவிடுகிறது. அந்த விரல் தேர்ந்தெடுத்த உறுப்பினரோ ஐந்தாண்டுக் காலத்துக்கு அனுப்பப்படுகிறார். மை அழிந்த பிறகு குடிமக்களுக்கு என்ன வேலை என்பதே இக்கட்டுரையில் நான் சிந்திக்க விரும்பும் கேள்வி.

2024-ஆம் ஆண்டு ஏப்ரல் 19 அன்று தமிழகம் மக்களவைத் தேர்தலில் வாக்களித்தது. ஜூன் 4 அன்று முடிவுகள் வந்தன. நாடு முழுவதும் 64 கோடிக்கு மேற்பட்டோர் வாக்களித்திருந்தனர். கடலூரில் திரு. எம். கே. விஷ்ணு பிரசாத் அவர்களும், சிதம்பரத்தில் திரு. தொல். திருமாவளவன் அவர்களும் வெற்றி பெற்றனர். தமிழ்நாட்டின் 39 தொகுதிகளையும் ஒரே கூட்டணி வென்றது. வென்ற பக்கத்தார் வெடி வெடித்தனர். தோற்ற பக்கத்தாரோ, "எங்கள் வாக்கு வீணாகிவிட்டது" என்று சலித்துக்கொண்டனர்.

தோழியரே, இவ்விரு பக்கத்தாருமே ஒன்றை மறந்துவிட்டதாக எனக்குத் தோன்றுகிறது. வாக்கு என்பது வெல்வதற்கோ தோற்பதற்கோ வைக்கும் பந்தயப் பணம் அன்று. ஐந்தாண்டுகள் கேள்வி கேட்பதற்கு நமக்குக் கிடைக்கும் உரிமைச் சீட்டு அது.

சிதம்பரம் தொகுதியையே பாருங்கள். 2019-ஆம் ஆண்டுத் தேர்தலில் அங்கே வென்றவருக்கும் அடுத்து வந்தவருக்கும் இடையே இருந்த வேறுபாடு 3,219 வாக்குகள் மட்டுமே. இருவரும் தனித்தனியே ஏறக்குறைய ஐந்து லட்சம் வாக்குகள் பெற்றிருந்தனர். அப்படியானால் தோற்றவருக்கு வாக்களித்த ஐந்து லட்சம் மக்களுக்கு உறுப்பினரே இல்லையா? இருக்கிறார். வென்றவரே அவர்களுக்கும் உறுப்பினர். 2004-இல் ஆழிப்பேரலையும், 2011-இல் தானே புயலும், 2015-இல் பெருவெள்ளமும் நம் மாவட்டத்தைத் தாக்கினவே, யார் எந்தச் சின்னத்துக்கு வாக்களித்தார் என்று கேட்டா தாக்கின? துன்பம் எல்லோருக்கும் பொது என்றால், அதைத் துடைக்க வேண்டிய உறுப்பினரும் எல்லோருக்கும் பொதுவானவரே.

2024-இல் 39 இடங்களையும் வென்ற கூட்டணி தமிழகத்தில் பெற்றது பாதிக்கும் சற்றுக் குறைவான வாக்குகளே. மற்றவர்களுடைய குரலும் நாட்டுக்குத் தேவை என்பதை மக்களவையே காட்டுகிறது. அவையின் மொத்த இடங்களில் பத்தில் ஒரு பங்கைக்கூட எந்த எதிர்க்கட்சியும் பெறாததால், 2014 முதல் 2024 வரை பத்தாண்டுகள் எதிர்க்கட்சித் தலைவர் என்னும் இடம் வெறுமையாகவே இருந்தது. 2024 தேர்தலுக்குப் பிறகுதான் அது நிரம்பியது. மன்னனுக்கும் இடித்துரைப்பார் வேண்டும் என்பது வள்ளுவர் கொள்கை. மக்களாட்சியில் இடித்துரைக்கும் கடமை எதிர்க்கட்சிக்கு மட்டும் உரியதன்று. அது நமக்கும் உரியது.

நாம் எதைக் கேட்பது? நம் மாவட்டத்திலேயே கேட்க வேண்டியவை பல உண்டு. நெய்வேலி நிறுவனம் மத்திய அரசின் நிலக்கரி அமைச்சகத்தின்கீழ் உள்ளது. 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில், நெற்பயிர் நின்ற வயல்களில் அந்நிறுவனத்துக்காகக் கால்வாய் வெட்டப்பட்டது. நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். தக்க இழப்பீடும் வேலையும் தரப்படவில்லை என்றனர் உழவர். மின்சாரமும் வேண்டும், சோறும் வேண்டும். இத்தகைய வழக்கைப் பேசுவதற்குரிய இடம் மக்களவை. அங்கே கேள்வி நேரம் என்றே ஒரு நேரம் உண்டு. நம் உறுப்பினர் அங்கே கேட்க வேண்டுமானால், நாம் இங்கே அவரிடம் கேட்க வேண்டும். தொகுதி வளர்ச்சிக்காக ஆண்டுக்கு 5 கோடி ரூபாய்க்குரிய பணிகளைப் பரிந்துரைக்கவும் உறுப்பினருக்கு வழி செய்யப்பட்டுள்ளது. அந்தப் பணம் எந்த ஊரில் எந்தப் பள்ளிக்கு, எந்தப் பாலத்துக்குச் சென்றது என்று நம்மில் எத்தனை பேர் விசாரித்திருக்கிறோம்?

விசாரிக்க நா எழாததற்கு ஒரு காரணம் உண்டு. பணம் வாங்கிக்கொண்டு போட்ட வாக்குக்குக் கேள்வி கேட்கும் வலிமை இராது. சந்தையில் மாட்டை விற்றவர், மறுநாள் போய் அதன் பாலைக் கேட்க முடியுமா? 2019-இல் வேலூரில் பெருந்தொகை பிடிபட்டதால், வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்னதாக மக்களவைத் தேர்தலே ரத்து செய்யப்பட்டது. பிறகு ஆகஸ்டு 5 அன்றுதான் அங்கே தேர்தல் நடந்தது. நம் தமிழகத்துக்கு இது தலைகுனிவு அன்றோ?

ஆனால் வாங்குகிற ஏழையை மட்டும் பழிப்பதை நான் ஒப்பமாட்டேன். அன்றாடம் கூலி வேலைக்குப் போகும் தாய்க்கு அந்தப் பணம் சில நாள் அடுப்பெரியும் வழி. அவளுடைய பசியை விலை பேசுகிறவனே முதல் குற்றவாளி. எனினும் சில நாள் அடுப்பு எரிவதற்காக ஐந்தாண்டு உரிமையை விட்டுக்கொடுப்பது பெரும் நட்டம் என்பதை அந்தத் தாய்க்கு அன்புடன் எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள், படிக்கும் வாய்ப்புப் பெற்ற நாம்தான்.

மக்களவையின் 543 இடங்களில் 2024-இல் வென்ற பெண்கள் 74 பேர். முந்தைய தேர்தலில் வென்றவர்களோ 78 பேர். வாக்குச்சாவடியில் நீண்ட வரிசையில் நிற்கும் பெண்கள், அவைக்குள் இத்தனை குறைவாக இருப்பது ஏன்? இதுவும் நாம் கேட்க வேண்டிய கேள்வியே.

"நமக்கு இன்னும் வாக்குரிமையே இல்லையே" என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். 1989-இல் வாக்குரிமை வயது 21-லிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது. பத்தாம் வகுப்பில் படிக்கும் நமக்கு இன்னும் மூன்று ஆண்டுகளே உள்ளன. ஆனால் செய்தித்தாளைப் படிக்க வயது வரம்பு இல்லை. தெருவில் தண்ணீர் வராவிட்டால் உரியவருக்கு ஒரு கடிதம் எழுதவும் வயது வரம்பு இல்லை. பணம் வீட்டு வாசலுக்கு வரும்போது "வேண்டாம் அம்மா" என்று சொல்லவும் வயது வரம்பு இல்லை.

தாலந்து உவமையை நாம் அனைவரும் அறிவோம். தலைவர் தந்ததை மண்ணில் புதைத்து வைத்த பணியாளன் அதைத் திருடவில்லை, தொலைக்கவும் இல்லை. பயன்படுத்தாததே அவன் குற்றம். வாக்களித்துவிட்டு ஐந்தாண்டுகள் உறங்கும் குடிமகனும் அவனைப் போன்றவனே. நமக்குத் தரப்படும் தாலந்தை நாம் புதைக்க மாட்டோம் என்று இன்றே உறுதி கொள்வோம். கேட்போம், தெரிந்துகொள்வோம், மீண்டும் கேட்போம்!

வாழ்க மக்களாட்சி! வளர்க நம் பாரதம்!