சுளுக்கு என்று சொல்லி அனுப்பாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கால் முறிந்தவரைக் கண்டால் ஸ்ட்ரெச்சர் ஓடி வருகிறது. கையை ஊன்றி விழுந்து மணிக்கட்டு வீங்கி வருபவருக்குக் கிடைப்பது நேராக எடுத்த ஒரே ஒரு எக்ஸ்ரே, வலி மாத்திரை, க்ரீப் பேண்டேஜ், கூடவே “எலும்பு ஒடையல, சுளுக்குதான்” என்ற ஆறுதல். திருவண்ணாமலையில் இயன்முறை சிகிச்சை தருபவன் நான். அப்படி அனுப்பப்பட்டவர்களில் சிலர், வாரக்கணக்கில் கழித்து விரல் மடங்காத கையோடு என்னிடம் வருகிறார்கள்.

மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் இரண்டு வரிசையாக இருக்கின்றன. அவற்றில் பிறை வடிவில் இருப்பது லூனேட். பைக்கிலிருந்தோ கட்டடச் சாரத்திலிருந்தோ விழுகிறவர் உள்ளங்கையை ஊன்றும்போது, எலும்புகளைப் பிணைத்திருக்கும் நார்கள் அறுந்து, லூனேட்டைச் சுற்றியுள்ளவை புறங்கைப் பக்கம் விலகிவிடலாம். அடி பலமென்றால் லூனேட்டே உள்ளங்கைப் பக்கம் பிதுங்கிவிடும். எதுவும் உடைந்திருக்க வேண்டும் என்பதில்லை. நேர்ப்படத்தில் பழகாத கண்ணுக்கு இது பிடிபடாது. பக்கவாட்டில் ஒரு படம் எடுத்தால், மற்ற எலும்புகள் லூனேட்டை விட்டு விலகியிருப்பதோ, கவிழ்ந்த கோப்பையைப் போல லூனேட்டே சாய்ந்து கிடப்பதோ தெரிந்துவிடும். அதற்குப் புது இயந்திரம் வேண்டாம்; கையைத் திருப்பி வைத்தால் போதும்.

‘அபூர்வமான கேஸ், என்ன செய்வது’ என்பார்கள். அபூர்வம்தான், அதனால்தான் தவறுகிறது. 1993-இல் மருத்துவர் ஹெர்ஸ்பெர்க்கின் குழுவினர் இந்தக் காயம் பட்ட 166 பேரின் விவரங்களைப் பல மருத்துவமனைகளிலிருந்து திரட்டினர்; அவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு முதலில் காயம் கண்டறியப்படவே இல்லை. முப்பது ஆண்டுக்கு மேலாகத் தெரிந்த பிழையை இன்னும் செய்துகொண்டிருப்பதற்கு என்ன பெயர்?

அன்றே கண்டுபிடித்தால் மயக்க மருந்து கொடுத்து எலும்பை இடத்தில் உட்கார வைத்து, பிறகு அறுவை சிகிச்சையில் நார்களைத் தைத்துக் கம்பி போடுவார்கள். இரண்டு மூன்று மாதம் கட்டு, அப்புறம் பயிற்சி. பழைய பலம் முழுதாகத் திரும்பாவிட்டாலும் கை பிழைப்புக்கு உதவும். தள்ளிப்போனால் பிதுங்கிய எலும்பு நரம்பை நசுக்கும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போகும். ரொம்பவே தாமதமானால் முதல் வரிசை எலும்புகளையே எடுத்துவிட நேரிடும். என்னிடம் வந்த ஒருவர் பூ கட்டிப் பிழைப்பவர். மூன்று விரலும் மரத்தவர் நாரை எப்படி முடிச்சுப் போடுவார்?

நாட்டு வைத்தியரிடம் புத்தூர் கட்டுக்குப் போனதுதான் குற்றம் என்று மருத்துவர்கள் கைகாட்டுவதுண்டு. விலகிய எலும்பை எண்ணெய் போட்டு இழுப்பது ஆபத்துதான், மறுக்கவில்லை. ஆனால் சுளுக்கு என்று சொல்லி அனுப்பினால் ஜனங்கள் வேறு எங்கே போவார்கள்?

2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். நல்ல திட்டம். சுளுக்கு என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவருக்கோ அந்த 48 மணி நேரமும் தைலம் தேய்ப்பதிலேயே கழிந்துவிடுகிறது.

அறுவை மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைத்துப் பெயர் பெற்ற வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை இங்கிருந்து 80 கிலோமீட்டர் சொச்சம். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனித்துறை இருக்கிறது. நிபுணர்கள் எட்டாத தூரத்தில் இல்லை. அவர்களிடம் அன்றைக்கே அனுப்பி வைக்க ஆள் வேண்டும், அவ்வளவே.

மருத்துவப் பணிகள் இணை இயக்குநரும் மருத்துவக் கல்லூரி முதல்வரும் ஒரு சுற்றறிக்கை அனுப்பட்டும். மணிக்கட்டு வீங்கி வரும் எவருக்கும் பக்கவாட்டுப் படம் கட்டாயம். விரல் மரத்திருந்தால் எலும்பு மருத்துவர் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. கார்த்திகை தீபத்துக்குக் கிரிவலப் பாதையில் போடும் மருத்துவ முகாம்களுக்கும் இந்த உத்தரவு போய்ச் சேர வேண்டும். தீபத்துக்கு முன்பே இதைச் செய்வார்களா என்பதை உங்கள் இதழ் கேட்டு வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
இயன்முறை சிகிச்சையாளர் ஒருவர்,
திருவண்ணாமலை.