காகிதத்தில் தேறிய கணினிகள்

பல்கலைக்கழகப் பொது ஆய்வுகூடத்துக்கு எந்தக் கணினி என்ற இழுபறிக்குப் பிறகு, சுழலும் வன்தட்டு கொண்ட மலிவு மொடலே தேறியிருக்கிறது. புரொசஸர், நினைவகம், விலை மூன்றையும் அட்டவணை போட்டு ஒப்பிட்டவர்கள், அதில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வேலை செய்து பார்க்கவில்லை. சுழலும் தட்டு ஒரு கோப்புத் துண்டைத் தேடியெடுக்கப் பத்து மில்லி செக்கன் அளவில் பிடிக்கும், எஸ்.எஸ்.டி.க்கு அதில் நூறில் ஒரு பங்கே போதும். கணினி விழித்தெழ இப்படி ஆயிரக்கணக்கான துண்டுகள் வேண்டும். சுவிட்சைப் போட்டால் திரையில் வட்டம் சுற்றும், பிரவுசர் வெறுமையாய்த் திறக்கும், வைரஸ் சோதனை தொடங்கினால் தட்டச்சிய எழுத்து தோன்றவே நேரமாகும். புரொசஸர் சும்மா கிடக்க, தட்டு மட்டும் நூறு வீதத்தில் திணறும். எட்டு ஜி.பி. நினைவகத்தைப் பதினாறாக்கினாலும் இது முழுதாய்த் தீராது. சொந்த லெப்டொப் உள்ளவர் தப்பித்துக்கொள்வார். உச்சமுனையிலிருந்து படகேறிக் கற்பிட்டி வந்து பஸ் பிடிக்கும் மீனவர் வீட்டுப் பிள்ளைக்கோ ஆய்வுகூடத்தின் அந்த ஒரு மணி நேரத்தை விட்டால் வேறு கணினி கிடையாது. அதிலும் கால்வாசியைக் காத்திருப்பில் பறிப்பது அநியாயம்.

குறைந்த விலையைத் தள்ள முடியாது என்கிறார்கள். 2006 ஆம் ஆண்டுப் பெறுகை வழிகாட்டல்களே மதிப்பீடு செய்த பிறகான குறைந்த விலையைத்தான் கேட்டன. எதை மதிப்பிடுவது என்று கேள்விப் பத்திரத்திலேயே எழுதிவிட முடியும். எழுதாதது யார் தவறு? 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியதையும் காரணம் காட்டுகிறார்கள். காசுத் தட்டுப்பாடு உண்மைதான். ஆனால் தட்டை மாற்றும் செலவு முழுக் கணினியின் விலையில் சிறு பங்கு. காசில்லாதவர்கள்தான் ஒரே பொருளை இரண்டு தரம் வாங்கக் கூடாது.

இதே கொள்வனவுக்காரர்கள் இதற்கு முன் செய்ததையும் நாங்கள் மறக்கவில்லை. எட்டாம் தலைமுறைப் புரொசஸர் சந்தைக்கு வந்த பிறகும் ஏழாம் தலைமுறையைத் தேடி வாங்கினார்கள். 2025 ஒக்டோபர் 14 இல் விண்டோஸ் 10 க்கான ஆதரவு முடிந்தபோது அவை விண்டோஸ் 11 க்குத் தகுதியற்று நின்றன. அதே ஆண்டு பெப்ரவரி 9 இல் நாடே இருண்டு, நுரைச்சோலை மின் நிலையம் நின்றுபோய், அடுத்த நாட்களில் ஒன்றரை மணி நேர மின்வெட்டு வந்தபோது, இவர்கள் வாங்கிப்போட்ட யூ.பி.எஸ்.களில் பற்றரி செத்திருந்தது. பராமரிப்புக்கென்று ஒரு சதமும் ஒதுக்கப்படவில்லை. ஒருவராவது பதில் சொன்னாரா? தெரிவு செய்யும் முறையே மாற வேண்டும். பயன்படுத்துகிறவர்களின் குரலும் அந்த மேசைக்குப் போக வேண்டும். கொள்வனவுக் கட்டளையில் இன்னும் ஒப்பம் விழவில்லையென்றால், பேனாவைக் கீழே வையுங்கள்.